பென்ஷன் டிரஸ்டி சட்டம்: முதல் முறை தவறியதும் இரண்டாம் முறை தேறியதும்

பென்ஷன் ஸ்கீம் பணத்தை மெம்பர்களுக்காகப் பார்த்துக்கொள்ள ஊழியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு டிரஸ்டி. கம்பெனி கடன் நெருக்கடியில் இருக்கிறது. பென்ஷன் ஸ்கீம் பணத்தில் ஒரு பங்கை கம்பெனிக்கே கடனாகக் கொடுத்தால் முந்நூறு பேருடைய வேலை தப்பும். "நீங்க எங்க ஆளு, எங்களுக்காகக் கை தூக்குங்க" என்று தொழிலாளர்கள் கேட்கிறார்கள். அவர் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தேர்ந்தெடுத்தவர்களின் குரலை அவர் கூட்டத்தில் ஒலிக்க வேண்டும், வேலையைக் காப்பதும் மெம்பர் நலன்தான், ஐந்து சதவீத வரம்பைத் தாண்டாமல் கொடுக்கலாம் என்பது என் விடை. பதினைந்துக்கு இரண்டு மதிப்பெண் வந்தது. அந்தத் தேர்விலேயே தவறிப்போனேன்.

பெருங்குடியில் உட்கார்ந்து பிரிட்டிஷ் பென்ஷன் ஸ்கீம்களுக்கு அட்மின் வேலை பார்க்கிறவள் நான். மதியம் ஒரு மணி ஷிப்ட், இரவு பத்தரைக்கு கேப். எட்டு வருடம் கணக்குப் போட்ட பிறகு, டிரஸ்டி கூட்டங்களுக்கு நேரடியாக உதவும் கவர்னன்ஸ் டீமுக்கு மாற விரும்பினேன். அதற்கு அலுவலகத்திலேயே ஒரு எழுத்துத் தேர்வு உண்டு. அதற்கு முன், பிரிட்டனில் பென்ஷன் ஸ்கீம்களைக் கண்காணிக்கும் அமைப்பான பென்ஷன்ஸ் ரெகுலேட்டர் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் டிரஸ்டி டூல்கிட் பாடங்களை முடித்திருக்க வேண்டும். டூல்கிட்டை மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வரும் சோதனையில் தேறினேன். எழுத்துத் தேர்வில்தான் விழுந்தேன். நான்கு மாதம் கழித்து மறுபடி எழுதித் தேறினேன். இடையில் என் படிப்பில் என்ன மாறியது என்பதை இந்தப் பாடத்தைத் தொடப்போகும் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்கே வருகிறேன். என் விடையில் இரண்டு பிழை. பிரிட்டனில் டிரஸ்டிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மெம்பர்கள் முன்மொழிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டம் சொல்கிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு யார் முன்மொழிந்தார்கள் என்பதற்கு எடையே கிடையாது. இன்று வேலையில் இருப்பவர், பத்து வருடம் முன்பு வேலையை விட்டுப்போனவர், பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர், அவருக்குப் பின் வாங்கப்போகும் மனைவி என எல்லோருக்கும் ஒரே டிரஸ்டிதான். அந்த முந்நூறு பேருக்காகக் கை தூக்கினால் மற்றவர்களுக்குத் துரோகம் ஆகும். இரண்டாவது பிழை இன்னும் மோசம். 1995ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டத்தின் 40ஆம் பிரிவையொட்டி வரும் ஐந்து சதவீத வரம்பு, வேலை கொடுத்த கம்பெனியின் பங்குகள் போன்ற முதலீட்டுக்கு. கம்பெனிக்கே கடன் கொடுப்பது அடியோடு தடை. அதில் ஒரு சதவீதத்துக்குக்கூட இடமில்லை. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தத் தடை எதற்காக வந்தது என்று தெரிந்திருந்தால் எனக்கு அது மறந்திருக்காது. 1991 நவம்பரில் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் கடலில் இறந்தார். அதன் பிறகுதான் மிரர் குழும ஊழியர்களின் பென்ஷன் நிதியிலிருந்து 40 கோடி பவுண்டுக்கு மேல் அவருடைய மற்ற கம்பெனிகளைத் தாங்கிப் பிடிக்கப் போய்விட்டது தெரிந்தது. அரசு அமைத்த குட் குழு 1993இல் அறிக்கை கொடுத்தது. 1995இல் சட்டம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது அந்தச் சட்டத்தை இந்தக் கதையை வைத்தே படித்தேன். கம்பெனிக்குக் கடன் தரக்கூடாது, டிரஸ்டிகள் கையில் வரும் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், ஆடிட்டரையும், வருங்காலப் பென்ஷனுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கணிக்கும் ஆக்சுவரியையும் டிரஸ்டிகளே நியமிக்க வேண்டும், டிரஸ்டியாக இருப்பவர் அதே ஸ்கீமுக்கு ஆடிட்டராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு பிரிவும் மேக்ஸ்வெல் நுழைந்த ஒரு கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள் என்று நினைத்துப் படித்தால் போதும், பிரிவு எண் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வழக்குகளையும் அப்படித்தான் பிடித்தேன். 1984இல் தீர்ப்பு வந்த கோவன் எதிர் ஸ்கார்கில் வழக்கை எந்தத் தேர்விலும் தவிர்க்க முடியாது. சுரங்கத் தொழிலாளர் பென்ஷன் ஸ்கீமில் பத்து டிரஸ்டிகள், ஐந்து பேர் நிலக்கரி வாரியத்தின் ஆட்கள், ஐந்து பேர் சங்கத்தின் ஆட்கள். வெளிநாட்டிலோ நிலக்கரிக்குப் போட்டியான எரிபொருள் தொழிலிலோ பணம் போடக்கூடாது என்று ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் சங்கத் தரப்பு மறுத்தது. நீதிபதி மெகாரி ஒப்புக்கொள்ளவில்லை. பென்ஷன் கொடுப்பதற்காக உள்ள டிரஸ்டில் பயனாளிகளின் நலன் என்றால் வழக்கமாக அவர்களுடைய பண நலன்தான், டிரஸ்டியின் சொந்தக் கொள்கை எவ்வளவு நேர்மையானதானாலும் அதை ஓரமாக வைக்க வேண்டும் என்றார். தொழிற்சங்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தத் தீர்ப்பு முதலில் கசந்தது. சங்கத்துக்கு இன்னும் வராத இளைஞரும் சுரங்கத்தை விட்டு எப்போதோ போன முதியவரும் அதே பணத்தை நம்பியிருக்கிறார்கள் என்று யோசித்த பிறகுதான் ஏற்றுக்கொண்டேன்.

தமிழில் யோசித்தது எனக்கு மிகவும் உதவியது. டிரஸ்டி என்றால் அறங்காவலர். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கோயில் வாசல் பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்தே வளர்ந்தோம். கோயில் பிரசாதத் தட்டில் மிஞ்சும் சில்லறையைக் கூட என் பாட்டி தொட விடமாட்டார், "சிவன் சொத்து குல நாசம்" என்பார். 1726இல் தீர்ப்பான கீச் எதிர் சேண்ட்ஃபோர்ட் வழக்கு அச்சாக இதுதான். ஒரு சந்தைக் குத்தகையைச் சிறுவன் ஒருவனுக்காக டிரஸ்டி பார்த்துக்கொள்கிறார். குத்தகை முடிந்ததும் சிறுவன் பெயரில் புதுப்பிக்க நில உரிமையாளர் மறுக்கிறார். டிரஸ்டி அதைத் தன் பெயரில் வாங்கிக்கொள்கிறார். சிறுவனுக்கு எப்படியும் கிடைக்காத குத்தகைதானே என்றால், கோர்ட் அதையும் அனுமதிக்கவில்லை. வந்த லாபம் சிறுவனுக்கே. ஸ்கீமுக்கு நஷ்டமே இல்லாவிட்டாலும் டிரஸ்டி லாபம் பார்க்கக் கூடாது என்ற விதி இந்த ஒரு கதையில் அடங்கிவிடுகிறது. நம்முடைய 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 51ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. அந்தச் சட்டத்தையும் ஒரு முறை படியுங்கள். சின்னச் சட்டம், எடுத்துக்காட்டுகளோடு இருக்கும். டிரஸ்ட் என்ற எண்ணமே அதில் தெளிவாகும். விடைத்தாளில் மட்டும் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் கலந்துவிடாதீர்கள்.

ஒரு சொல் நுணுக்கம். டிரஸ்டிக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்பதை 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 247ஆம் பிரிவு இரண்டாகப் பிரிக்கிறது. ஸ்கீமின் டிரஸ்ட் பத்திரமும் விதிகளும், முதலீட்டுக் கொள்கை அறிக்கை போன்ற சொந்த ஆவணங்களில் நல்ல பழக்கம் வேண்டும், அதாவது தேவைப்பட்ட நேரத்தில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். பென்ஷன் சட்டம், டிரஸ்ட் சட்டம், பலன்களுக்குப் போதிய நிதி வைத்திருத்தல், முதலீடு ஆகியவற்றில் அறிவும் புரிதலும் வேண்டும். புதிய டிரஸ்டிக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. நிபுணர் என்று சொல்லி நியமிக்கப்பட்டவருக்கு அது கிடையாது. தேர்வில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு ஒரு கேள்வி கேட்பார்கள். அதேபோல ரெகுலேட்டரின் கோடில், அதாவது நடைமுறை விதித்தொகுப்பில், "மஸ்ட்" என்று வந்தால் சட்டக் கடமை, "ஷுட்" என்று வந்தால் ரெகுலேட்டர் எதிர்பார்க்கும் நடைமுறை. இந்த ஒரு சொல்லைக் கவனித்தே நான்கு மதிப்பெண் மீட்டேன்.

இனி எனக்கு மனதுக்கு நெருக்கமான பகுதி. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடம் லேத் ஓட்டினார். சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிஎஃப் பிடித்தம் இருந்தது. வெளியே வந்து கணக்கைப் பார்த்தபோது பதினொரு மாதத்துக்குப் பணமே கட்டப்படவில்லை. பட்டறையும் அதற்குள் மூடிவிட்டது. அந்தப் பழைய சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

பிரிட்டனில் ஊழியர் சம்பளத்தில் பிடித்த பணம் அடுத்த மாதம் 22ஆம் தேதிக்குள் ஸ்கீமுக்குப் போய்ச் சேர வேண்டும், மின்னணு முறையில் கட்டாவிட்டால் 19ஆம் தேதிக்குள். முதல் முறை இதை வெறும் தேதியாகப் படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "அந்த ஊர்ல கட்டலேன்னா யாராச்சும் கேப்பாங்களாம்மா?"

"டிரஸ்டி கேக்கணும்பா. கேக்கலேன்னா அவங்க மேல தப்பு."

"கணக்கு எழுதுறவங்க?"

அதற்கு விடை தேடியபோதுதான் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70ஆம் பிரிவை ஒழுங்காகப் படித்தேன். சட்ட மீறலை ரெகுலேட்டருக்கு எழுத்தில் தெரிவிக்கும் கடமை டிரஸ்டியோடு நிற்பதில்லை. ஸ்கீமின் நிர்வாகத்தில் ஈடுபட்டிருப்பவர்கள், முதலாளி, ஆலோசகர்கள் எல்லோர் மேலும் அது இருக்கிறது. அப்படியென்றால் பெருங்குடியில் உட்கார்ந்திருக்கும் நம் அலுவலகமும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. நம்மில் பலர் 'டிரஸ்டி பாடம் நமக்கு எதற்கு' என்று நினைக்கிறோம். எனக்கு அந்த எண்ணம் அன்றோடு போனது.

எல்லா மீறலையும் தெரிவிக்க வேண்டியதில்லை. ரெகுலேட்டருக்கு முக்கியத்துவம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள்: எதனால் நடந்தது, என்ன விளைவு, தெரிந்ததும் என்ன செய்தார்கள், இதற்குப் பின்னால் பெரிய கோளாறு ஏதாவது இருக்கிறதா. சம்பள மென்பொருளை மாற்றியபோது ஒரு மாதம் நான்கு நாள் தாமதம், கண்டுபிடித்ததும் கட்டிவிட்டார்கள், மறுபடி நடக்காமல் வழி செய்தார்கள் என்றால் அது பச்சை. பதிவு செய்து வைத்தால் போதும். சரக்குக் கடன்காரர்களுக்குக் கொடுக்க ஊழியர் பிடித்தத்தையே முதலாளி எடுத்துவிட்டார், கேட்டால் மழுப்புகிறார் என்றால் சிவப்பு. உடனே தெரிவிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வருவது மஞ்சள். தேர்வில் கேட்பது எப்போதும் மஞ்சள்தான். அங்கே முடிவைவிட நான்கு கேள்விக்கும் நீங்கள் வரிசையாக எழுதும் காரணத்துக்கே மதிப்பெண். முதல் முறை நான் "தெரிவிக்க வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலன் உறுதி செய்யப்பட்ட ஸ்கீமில் மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆக்சுவரி மதிப்பீடு, அதை முடிக்க 15 மாதம். பங்களிப்பு அடிப்படையிலான ஸ்கீமில் தலைவரின் ஆண்டறிக்கை, ஸ்கீம் ஆண்டு முடிந்து 7 மாதத்துக்குள். முதலீட்டை மேனேஜரிடம் ஒப்படைக்கலாம். அவருக்குத் தகுதியும் அனுபவமும் இருக்கிறதா, வேலையை ஒழுங்காகச் செய்கிறாரா என்று பார்ப்பதற்கு நியாயமான எல்லாவற்றையும் டிரஸ்டிகள் செய்திருந்தால், அவர் செய்த தவறுக்கு இவர்கள் பொறுப்பில்லை. பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

நோட்ஸ் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். எங்கள் அலுவலகத்தில் கை மாறி வந்த பிடிஎஃப் பழையது. 2024 மார்ச் 28இல் ரெகுலேட்டரின் பொதுக் கோட் நடைமுறைக்கு வந்தது, பத்துப் பழைய கோடுகள் அதில் ஒன்றாகிவிட்டன. நூறோ அதற்கு மேலோ மெம்பர்கள் உள்ள ஸ்கீம்களுக்குச் சொந்த இடர் மதிப்பீடும், அதாவது தங்கள் இடர்களைத் தாங்களே மதிப்பிடுவதும், அதில் வந்தது. பழைய கோட் எண்ணை மேற்கோள் காட்டி எழுதினால் திருத்துகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் முறைக்கு நானும் டீமில் இருவரும் சனிக்கிழமை காலைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்தோம். ஒருவர் ஒரு சூழலைச் சொல்வார், மற்ற இருவரும் பேசாமல் எழுதுவோம், பிறகு தாளை மாற்றிக்கொள்வோம். எழுதத் தொடங்கும் முன் ஓரத்தில் மூன்று குறிப்பு: யாருடைய பணம், டிரஸ்ட் பத்திரம் இந்த அதிகாரத்தைக் கொடுக்கிறதா, யாருக்காவது இரட்டை நலன் (ஸ்கீமின் நலனோடு மோதும் வேறு நலன்) இருக்கிறதா. சட்டப் பிரிவு இவற்றுக்குப் பிறகுதான். இரட்டை நலன் இருப்பவர் சொல்லிவிட்டாலே போதும் என்று எழுதி நிறுத்தாதீர்கள். அவர் விவாதத்தில் இருந்தாரா, ஓட்டுப் போட்டாரா, அறையை விட்டு வெளியே போனாரா என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டாம் தேர்வில் கடைசிக் கேள்வி மினிட்ஸ், அதாவது டிரஸ்டி கூட்டக் குறிப்பு, பற்றி வந்தது. ஒரு பக்க மினிட்ஸைக் கொடுத்து என்ன குறைகிறது என்று கேட்டிருந்தார்கள். தேதி, நேரம், இடம், அழைக்கப்பட்ட டிரஸ்டிகள், வந்தவர்கள், வராதவர்கள், கூட இருந்த ஆலோசகர்கள், எடுத்த முடிவுகள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தது. போன கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவில் டிரஸ்டிகள் எடுத்த முடிவு ஏதாவது உண்டா, எங்கே, எப்போது, யார் யார் சேர்ந்து எடுத்தது என்ற வரி மட்டும் இல்லை. ஒரு நிதியிலிருந்து இன்னொரு நிதிக்குப் பணம் மாறியதாக அறிக்கைப் பகுதியில் இருக்கிறது, அந்த முடிவை எந்தக் கூட்டம் எடுத்தது என்று எங்கேயும் இல்லை. அதைக் கண்டுபிடித்தபோது மணி அடிக்கப் பதினெட்டு நிமிடம் இருந்தது. அந்த நேரம் முழுவதையும் அந்த ஒரு விடைக்கே கொடுத்தேன்.