திருக்கடையூரில் அறுபதும் எண்பதும்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் இருக்கிறது திருக்கடையூர். அங்கே மணிவிழாவுக்கு விசாரிக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது எத்தனை கலசம் என்றுதான். அதற்கும் முன் நாளைக் குறிக்க வேண்டும். ஆங்கிலத் தேதி கணக்கில் வராது. பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாளே நாள். ஒரே மாதத்தில் அது இருமுறை வந்தால் இரண்டாவதை எடுப்பது வழக்கம். 1966 ஆவணியில் பிறந்தவரின் தமிழ் ஆண்டு பராபவ. அதே பராபவ 2026 சித்திரையில் மறுபடி பிறக்கிறது, ஆவணியில் அறுபது பூர்த்தி.

எழுபது தொடங்கும்போது பீமரத சாந்தி. சதாபிஷேகம் ஆயிரம் பிறை கண்டவர்களுக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறக்குறைய 29.5 நாள் என்பதால், ஆயிரம் நிறைய 80 வயதும் சுமார் பத்து மாதமும் ஆகும். எண்பது முடிந்த கையோடு அவசரப்பட வேண்டாம்.

கோபூஜை, சங்கல்பம், கலச பூஜை, ஹோமம் என்று முடிய இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். வயதானவர்கள் மயங்குவது பெரும்பாலும் இங்கேதான்: வெறும் வயிறு, ஹோமப் புகை, தரையில் உட்கார்ந்த கால். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் குருக்களிடம் சொல்லிவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டு வரட்டும். நாற்காலியும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு கலசாபிஷேகம். தம்பதியின் தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து அதன் வழியே நீரை ஊற்றுவார்கள். மாவிலையும் ஏலக்காயும் சல்லடையில் தங்கிவிட, நீர் மட்டும் பூவாகத் தலையில் விழும். உறவினர் எல்லோரும் முழுக் குடத்தைக் கவிழ்த்தால் எண்பது வயது உடம்புக்கு மூச்சு முட்டும். ஆளுக்கு ஒரு சொம்பு போதும். கலசமும் பதினாறே போதும். காது மெஷினை முன்பே கழற்றிவிடுங்கள். நனைவதற்குப் பருத்தி வேட்டி, புடவை. பட்டு, மாங்கல்ய தாரணத்துக்கு. ஈரத்தரையில் எழும்போது இருபுறமும் ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்ட அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் ஊற்றுகிற இந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் மற்றதெல்லாம். அந்த நேரத்தில் போட்டோவுக்காக நிறுத்தாதீர்கள்.

துணையை இழந்தவர்கள் தமக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மாங்கல்ய தாரணம் மட்டுமே தம்பதிக்கு உரியது. ஆயுஷ் ஹோமமும் அபிஷேகமும் தனியாகவே செய்துகொள்ளலாம். லிங்கத்தைக் கட்டிக்கொண்ட மார்க்கண்டேயனும் தனியாள்தான்.

தரிசனத்தை அவசரமாக முடிக்காதீர்கள். அமிர்தகடேஸ்வரருக்கு மேற்கு நோக்கிய சன்னதி. பாசக்கயிறு பட்ட தழும்பு என்று சொல்லப்படுவதை அபிஷேக வேளையில் பார்க்கலாம். தெற்கு நோக்கி, எமனைக் காலடியில் வைத்த காலசம்ஹார மூர்த்தி. அபிராமி சன்னதியில் அந்தாதியின் நூறு பாடலும் முடியாவிட்டால், நிலவு எழுந்ததாகச் சொல்லப்படும் 79ஆம் பாடலையாவது பெற்றோரோடு சேர்ந்து சொல்லுங்கள். சுவாமி அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வருகிற கிணறு அருகிலுள்ள திருக்கடவூர் மயானம் என்ற சிவன் கோயிலில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் பெரியவர்களுக்குத் தெம்பு இருந்தால் அங்கேயும் அழைத்துப் போகலாம். மணிவிழாக் கூட்டம் அங்கே வராது.