ஆற்றுக்கு அந்தப் பக்கம் விற்க ஒரு லைசென்ஸ்

நியூஜெர்சியில் கார், வீட்டு இன்ஷூரன்ஸ் விற்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் இந்தத் தொலைபேசி அழைப்பு ஒருநாள் வந்தே தீரும். "அண்ணா, எக்ஸ்டன்ல வீடு வாங்கிட்டோம். இன்ஷூரன்ஸ உங்ககிட்டயே வச்சுக்கலாம்ல?" இங்கே நியூஜெர்சியில், பிளெயின்ஸ்பரோவில் வாடகைக்கு இருந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த குடும்பம். ஆனால் எக்ஸ்டன் இருப்பது டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பென்சில்வேனியாவில். என்னிடம் இருந்தது நியூஜெர்சி லைசென்ஸ் மட்டும்.

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸைக் கட்டுப்படுத்துவது மாநிலங்கள்தான். 1945-இல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அதை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டது. ஏஜென்ட்டின் அலுவலகம் எங்கே இருந்தாலும், வாடிக்கையாளர் குடியிருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் பாலிசி விற்பது மட்டுமல்ல, வாங்கச் சொல்லிக் கேட்பதும், நிபந்தனைகளைப் பேசுவதும்கூடச் சட்டப்படி குற்றம். "சும்மா ஒரு ரேட் மட்டும் சொல்லுங்கண்ணா" என்றார்கள். சொல்லவில்லை. அவர்களுக்கும் பொறுக்க நேரமில்லை. பென்சில்வேனியாவில் புதிதாகக் குடியேறுபவர் 20 நாளுக்குள் காரை அங்கே பதிவு செய்தாக வேண்டும். அந்த முறை அங்குள்ள ஓர் ஏஜென்ட்டிடம் அனுப்பி வைத்தேன். அதற்குப் பிறகு நான்-ரெசிடென்ட் லைசென்ஸுக்கு, அதாவது வெளிமாநில ஏஜென்ட்டுக்குத் தரும் லைசென்ஸுக்கு, விண்ணப்பிக்க உட்கார்ந்தேன்.

இதற்குத் தேர்வு கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சொந்த மாநில லைசென்ஸ் ஒழுங்காக இருந்தால் போதும். மறுபடி வகுப்பு, பரீட்சை எதுவும் இல்லை. இந்த வசதி மாநிலங்கள் மனமுவந்து தந்ததல்ல. 1999-இல் வந்த கிராம்-லீச்-பிளைலி சட்டம் அவற்றுக்கு மூன்று ஆண்டு கெடு வைத்தது. அதற்குள் பெரும்பான்மை மாநிலங்கள் ஒன்றின் லைசென்ஸை மற்றொன்று ஏற்கும் ஏற்பாட்டுக்கு வராவிட்டால், தேசிய அளவில் ஓர் அமைப்பு வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் என்றது. அதிகாரம் கைவிட்டுப் போகும் என்றதும் வழி பிறந்தது.

விண்ணப்பம் என்.ஐ.பி.ஆர். (NIPR) என்ற, ஏஜென்ட் லைசென்ஸ்களுக்கான இணையதளத்தில். நாடு முழுவதற்கும் நமக்கென்று ஒரே எண் இருக்கிறது, என்.பி.என். அதைக் கொடுத்தால் நம் விவரங்கள் வந்துவிடும். சொந்த மாநிலத்தில் எந்தப் பிரிவுக்கு லைசென்ஸ் இருக்கிறதோ அதைத்தான் வெளிமாநிலத்திலும் கேட்கலாம். எனக்கு ப்ராப்பர்ட்டி (சொத்துச் சேதம்), காஷுவல்ட்டி (பிறருக்கு நேரும் இழப்புக்கான பொறுப்பு) இரண்டும்.

பெயரில் கொஞ்சம் நின்று பாருங்கள். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் ஓரிடத்தில் கடைசிப் பெயர், இன்னோரிடத்தில் இனிஷியல், வேறோரிடத்தில் நடுப்பெயர். சொந்த மாநில லைசென்ஸில் உள்ளது எழுத்துக்கு எழுத்து அப்படியே விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். நான் பாலிசி எழுதும் நிறுவனங்களில் ஒன்று என் பெயரைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தது. அதைச் சரிசெய்ய வைத்ததுதான் எல்லாவற்றிலும் இழுத்தடித்த வேலை. முன்வரலாறு பற்றிய கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். பழைய வழக்கோ அபராதமோ இருந்து கேள்வி அதைக் கேட்டால், மறைக்காமல் ஆவணத்தோடு சொல்லிவிடுவதே நல்லது. சொந்தமாக ஏஜென்சி வைத்திருப்பவர்கள் ஏஜென்சியின் பெயரிலும் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும். தொழில் தவறுகளுக்காக நாம் எடுத்திருக்கும் இ அண்ட் ஓ பாலிசி புது மாநிலத்தில் செய்யும் வியாபாரத்தையும் காக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டு வாங்கினேன்.

லைசென்ஸ் வந்துவிட்டால் மறுநாளே விற்கலாம் என்று நினைக்கக் கூடாது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் நம்மை அந்த மாநிலத்தில் தன் ஏஜென்ட்டாக நியமிக்க வேண்டும், அப்பாயின்ட்மென்ட் என்பார்கள். நியூஜெர்சியில் உங்களை நியமித்த நிறுவனம் பென்சில்வேனியாவில் வியாபாரமே செய்யாமல் இருக்கலாம், அல்லது அங்கே போதுமான ஏஜென்ட்கள் இருக்கிறார்கள் என்று மறுக்கலாம். ஆகவே விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே நிறுவனங்களிடம் பேசிவிடுங்கள்.

நான் அதிக நேரம் செலவிட்டது இதற்கெல்லாம் பிறகுதான். தேர்வு இல்லை என்பது வசதிதான், ஆனால் அந்த மாநிலச் சட்டத்தை யாரும் நம்மை உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. நியூஜெர்சியில் விபத்து நடந்தால் மருத்துவச் செலவுக்கு நம் பாலிசியிலேயே பி.ஐ.பி. என்ற கவரேஜ் இருக்கிறது, வாடிக்கையாளர் குறைத்துக் கேட்காவிட்டால் ஸ்டாண்டர்ட் பாலிசியில் 2,50,000 டாலர். பென்சில்வேனியாவில் கட்டாயமான மருத்துவக் கவரேஜ் 5,000 டாலர்தான். எமர்ஜென்சி அறைக்குள் ஒருமுறை போய் வந்தாலே அது கரைந்துவிடும். இங்கிருந்து அங்கே போகும் குடும்பம் பிரீமியத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாதென்று நான் முதலில் பேசுவது இதைத்தான்.

அடுத்தது வழக்குப் போடும் உரிமை. இரண்டு மாநிலங்களிலும் வாடிக்கையாளர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உரிமையைக் குறைத்துக்கொண்டால் பிரீமியம் குறையும். ஆனால் கடுமையான காயம் இல்லாவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்க முடியாது. பென்சில்வேனியாவில் இதன் பெயர் லிமிட்டெட் டார்ட், முழு உரிமை ஃபுல் டார்ட். ஒருவர் எதையுமே தேர்ந்தெடுக்காவிட்டால் நியூஜெர்சியில் குறைந்த உரிமை, பென்சில்வேனியாவில் முழு உரிமை. நேர் எதிர்! பென்சில்வேனியாவில் பாலிசிதாரர் லிமிட்டெட் டார்ட்டில் கையெழுத்திட்டால், சொந்தப் பாலிசி இல்லாத மனைவி, பிள்ளைகளையும் அது கட்டிப்போடும். அந்தப் படிவத்தை நான் மின்னஞ்சலில் அனுப்பிக் கையெழுத்து கேட்பதில்லை. கணவன், மனைவி இருவரையும் தொலைபேசியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இன்ஷூரன்ஸ் இல்லாத காரோ, இன்ஷூரன்ஸ் போதாத காரோ மோதினால் தரும் கவரேஜும் அங்கே வேண்டாமென்று எழுதிக் கொடுத்து விலக்கிக்கொள்ளக் கூடியது. விலக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

லைஃப் இன்ஷூரன்ஸ் செய்யும் நண்பர்கள் நியூயார்க் பற்றிக் கேட்கிறார்கள். லைசென்ஸ் வழி இதேதான். ஆனால் நியூயார்க் விதிகள் கடுமை என்பதால் பல நிறுவனங்கள் அந்த மாநிலத்துக்கென்றே தனித் துணை நிறுவனம் வைத்திருக்கின்றன. இங்கே விற்கும் பாலிசி அங்கே இல்லாமல் போகலாம். முதலில் அதை விசாரியுங்கள்.

புதுப்பிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நியூஜெர்சிக்காகப் படிக்கும் 24 மணி நேரத் தொடர் கல்வியைப் பென்சில்வேனியா ஏற்றுக்கொள்கிறது, அங்கே தனியாகப் படிக்க வேண்டாம். சொந்த மாநில லைசென்ஸ் காலாவதியானால் வெளிமாநில லைசென்ஸும் நிற்காது, அதனால் சொந்த மாநிலப் புதுப்பிப்புத் தேதியை முதலில் குறித்து வையுங்கள். வீடு மாறினால் இரண்டு மாநிலங்களுக்கும் 30 நாளுக்குள் முகவரி சொல்லிவிடுங்கள், என்.ஐ.பி.ஆர். தளத்திலேயே ஒரே நேரத்தில் இரண்டுக்கும் மாற்றலாம்.