மைனரைக் கழட்டுவதா, கட்டுவதா

யூன் 1, 2025, ஞாயிறு

சோளகம் தொடங்கிவிட்டது. இரவு அடித்த காற்றில் கொட்டிலின் ஒரு பக்கம் சரிந்து, கிடுகு முழுக்க பிக்கப்பின் பொனற்றில் கிடக்கிறது. அம்மா விடியவே பார்த்துவிட்டு வந்தா. "ஒண்டில் அதை ஓட வை, இல்லாட்டி ஆருக்கும் குடு. உதுக்குள்ள பாம்பு குட்டி போட்டாலும் உனக்குத் தெரியாது."

வண்டி 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், கால் தொன் பிக்கப், 948 சிசி. எழுபதுகளில் அப்பப்பா வாங்கியது. அப்பா உரும்பிராயிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றியது இதில்தான். 2002இல் தெற்கோடு எங்களை இணைக்கிற ஏ9 பாதை திறந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்க, வீட்டுக்கு ஒரு லாண்ட்மாஸ்ரர், இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம், வந்தது. அதன்பிறகு இதைக் கொட்டிலுக்குள் தள்ளியதுதான்.

கழட்டிச் சாமானாக விற்பதா, திருத்திக் கட்டி ஓட வைப்பதா என்று இந்த மாதம் முடிவதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதத் தொடங்குகிறேன்.

யூன் 3, செவ்வாய்

தம்பிக்குப் படம் அனுப்பினேன். கனடாவில், ஸ்காபரோவில் அப்போது நடுச்சாமம், ஆனாலும் உடனே பதில் வந்தது. "அண்ணா, கழட்டிப்போடாதேங்கோ. நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க அதிலதான் போகவேணும்." பின்னால் வரிசையாகப் படங்கள். எல்லாம் இங்கிலாந்தில் புல்தரையில் கண்ணாடி மாதிரி மினுங்கி நிற்கிற பிக்கப்புகள். ஒன்றின் பெட்டியிலாவது மண் இல்லை, சாக்கு இல்லை.

காசு தருகிறேன் என்கிறான். எவ்வளவு என்று சொல்லவில்லை.

யூன் 7, சனி

விசயம் எப்படித்தான் பரவுகிறதோ. மத்தியானம் ஒருவர் வந்தார், மோட்டார் சைக்கிளில், நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு. கொட்டில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புத்தகம் இருக்கோ?" என்பதுதான் முதல் கேள்வி. வண்டியின் பதிவுப் புத்தகத்தைத்தான் கேட்கிறார். இருக்கிறது என்றேன். பழைய சிறீ எழுத்து இலக்கமா, கடைசியாக எப்போது வரிப்பத்திரம் எடுத்தது, ஆர் பேரில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு விலை சொன்னார். புத்தகத்துக்கும் இலக்கத்தகட்டுக்கும் சேசியில், அதாவது அடிச்சட்டத்தில், இலக்கம் அடித்த துண்டுக்கும் மட்டும். மிச்ச வண்டியை நாங்களே வைத்திருக்கலாமாம்.

எதற்கென்று விளங்காமல் இல்லை. எங்கேயோ புத்தகம் இல்லாத வண்டி ஒன்று நிற்கிறது, அதற்கு எங்கள் வண்டியின் பெயர் வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த வியாபாரம் சூடுபிடித்தது. இந்தப் பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள். வரியைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்ததும் ஒன்றுதான், பூட்டியதும் ஒன்றுதான். அறுபதுகளிலும் இப்படித்தான், அந்நியச் செலாவணி இல்லையென்று கார் இறக்குமதியை இறுக்கி, 1977க்குப் பிறகுதான் தளர்த்தினார்கள். மைனர்கள் இவ்வளவு காலம் இந்த நாட்டில் உயிரோடு இருப்பதற்கு அன்பு மட்டும் காரணம் இல்லை.

தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. சேட்டைப் பார்த்தே தெரிந்ததாம்.

யூன் 8, ஞாயிறு

கராச் அண்ணை வந்தார். எழுபதைத் தாண்டியவர். அப்பாவின் காலத்திலேயே இந்த வண்டிக்குக் கை வைத்தவர். வந்ததும் பொனற்றைத் திறக்கவில்லை. சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து, நீட்டு ஸ்குறூட்றைவரோடு அடியில் புகுந்துவிட்டார்.

டக், டக் என்று குத்தும் சத்தம். குத்துகிற இடத்தில் இரும்பு 'ணங்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் கறள் தின்றுவிட்டது. நானும் பக்கத்தில் படுத்து ரோச் பிடித்தேன். இஞ்சினுக்குக் கீழிருந்து கியர்பொக்ஸ் வரை சேசி முழுக்கக் கறுப்பாய் ஒரு விரல் தடிப்பில் பொருக்கு: ஒழுகிய ஒயிலும் எங்கள் செம்மண்ணும் சேர்ந்து இறுகியது. அண்ணை ஒரு துண்டைப் பெயர்த்தார். உள்ளே தகடு சாம்பல் நிறத்தில், புதுசு மாதிரி.

"பாத்தியளே தம்பி, இந்த ஒழுக்குக்கு உங்கட அப்பா ஒவ்வொரு கிழமையும் என்னைப் பேசுவார். அதுதான் சேசியைக் காப்பாத்தியிருக்கு."

பின்பக்கம் அப்படி இல்லை. இடது ஸ்பிறிங் தொங்குகிற இடத்தில் ஸ்குறூட்றைவர் சத்தமில்லாமல் உள்ளே போனது. அது வெட்டி ஒட்டக்கூடிய இடம் என்றார். முன் சில்லுப் பக்கம் கீழ் ட்றனியனை, சில்லு திரும்புகிற புரி மூட்டை, பிடித்து ஆட்டினார். புரி தேய்ந்து ஆட்டம் நிறைய. மைனரில் இது கிறீஸ் அடிக்காமல் விட்டால் ஒருநாள் வளைவில் சில்லு மடிந்து உள்ளே போய்விடும், எத்தனையோ மைனர்கள் அப்படி றோட்டில் குந்தியிருக்கின்றன.

கபின்தான் மோசம். இரண்டு கதவின் அடிப்பக்கமும் இல்லை. மட்காட்டுகள் கடதாசி. வலது காலை வைக்கிற இடத்தில் தரை தெரிகிறது.

அவர் சொன்னதில் மனதில் நின்றது இதுதான். மைனர் காருக்குச் சேசி என்று தனியாக ஒன்றும் இல்லை, உடம்புதான் எலும்பு. இந்தளவு கறள் பிடித்த காரை அவர் தொடமாட்டார். பிக்கப்புக்கும் வானுக்கும் அடியில் தனிச் சேசி. கபினைத் தூக்கி வைத்துவிட்டு வேலை செய்யலாம். "உதைக் கழட்டவேணும் எண்டு இரும்பு சொல்லேல்லை. நீங்கள் சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ."

யூன் 10, செவ்வாய், பொசன்

லீவு. கணக்குப் பார்த்தேன்.

கழட்டினால்: கியர்பொக்ஸ், டிபறென்சல், ஸ்ரியறிங், முன் கண்ணாடி, சில்லுகள், எஸ்யூ காபரேட்டர், எஸ்யூ பெற்றோல் பம், டைனமோ. மைனர் வைத்திருப்பவர்கள் இவற்றுக்கு அலைகிறார்கள். விசாரித்தவரை 3.5 இலட்சம் தேறும். கட்டினால், அண்ணையின் வாய்க்கணக்கில் 12 இலட்சம். வாய்க்கணக்கு என்றால் 15 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

காசுப்படி பார்த்தால் கழட்டுவதுதான் புத்தி. அதை மறைக்கத் தேவையில்லை. கழட்டினால் நாலைந்து மைனர்கள் ஓடும், கட்டினால் ஒன்று.

மனைவியின் கேள்வி இன்னும் நேரானது. "கட்டி முடிச்சா, அதில என்ன ஏத்தப் போறியள்?" வெங்காயத்துக்கு லாண்ட்மாஸ்ரர் போதும். ஆனால் எங்கள் நாற்றுமேடை வியாபாரம் இருக்கிறது. கண்டுகளைத் திருநெல்வேலிக்கும் கோப்பாய்க்கும் இப்போது முச்சக்கர வண்டிக்கு வாடகை கொடுத்துத்தான் அனுப்புகிறோம், பாதிக் கண்டு முறிந்துதான் போகிறது. கால் தொன் அதற்குத் தாராளம். இதைச் சொன்னதும் அவ ஒன்றும் சொல்லவில்லை. வாடகைச் சிட்டைகள் இருந்த கொப்பியை எடுத்து மேசையில் வைத்தா.

யூன் 15, ஞாயிறு

இஞ்சின் ஹெட்டைக் கழட்டினோம். கிழமை முழுக்க பிளக் ஓட்டைகளுக்குள் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டும் மூன்றாவது பிஸ்ரன் அசையவில்லை. கடைசியில் கட்டை வைத்துத் தட்டித்தான் இறக்கினார் அண்ணை. பிஸ்ரன் தலையில் கரியைச் சுரண்ட, 040 என்று அடித்திருந்தது. அதாவது சிலிண்டரை ஏற்கெனவே ஆயிரத்தில் நாற்பது அங்குலத்துக்குக் குடைந்தாயிற்று, இதற்கு மேல் குடையக்கூடாது என்றார் அண்ணை. இனிச் சிலீவ் அடிக்க வேண்டும், சிலிண்டருக்குள் புது உறை இறக்குவது.

ஏன் அவ்வளவு தேய்ந்தது என்பதற்கு விடை பக்கத்திலேயே இருந்தது. பொனற்றுக்கு உள்ளே, பற்றரித் தட்டுக்குப் பக்கத்தில், கம்பியை வளைத்துச் செய்த ஒரு வளையம். அதில்தான் அந்தச் சின்ன மருந்துப் போத்தல் நிற்கும். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை வந்தபின் எல்லா வண்டியும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால் இஞ்சின் பற்றாது. போத்தலில் இருக்கிற இத்தினிப் பெற்றோலைக் காபரேட்டருக்கு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியபின் குழாயை மாற்றுவது. அப்பா அந்தப் போத்தலை இரவில் வீட்டுக்குள் கொண்டுவந்து சாமிப்படத்துக்குப் பின்னால் வைப்பார். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். சிலிண்டர் தேய்வதற்கு வேறென்ன வேண்டும்.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவும் அந்தப் போத்தலில்தான் ஸ்ராட் எடுத்தது. அம்மம்மா, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை, இரண்டு மூட்டை அரிசி. நாங்கள் பின்னால் நடை. நாவற்குழிப் பாலத்தில் வண்டி நடந்தவர்களைவிட மெதுவாகத்தான் போனது.

அண்ணை இன்னொரு வழியும் சொன்னார்: நிசான் இஞ்சின் ஒன்றைப் போட்டுவிடலாம், பலர் போடுகிறார்கள், சாமான் சுலபம். வேண்டாம் என்றேன். உணர்ச்சியால் அல்ல. புத்தகம் இன்னும் அப்பாவின் பேரில். வாரிசுப் பெயருக்கு மாற்றப்போகிற நேரத்தில் இஞ்சின் இலக்கமும் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எத்தனை மேசைக்கு அலைய வேண்டிவரும்!

யூன் 21, சனி

கபினுக்குத் தகடு தேடவேண்டும். தொண்ணூறுகளில் காலிப் பக்கம் மைனர் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். இன்றைக்கு எங்களுக்கு மலிவான வழி, சாகக் கிடக்கிற மைனர் ஒன்றைப் பிடிப்பது. அளவெட்டியில் ஒன்று நிற்கிறதென்று கேள்விப்பட்டு அண்ணைக்குச் சொன்னேன். "முதலில ரெண்டு கதவோ நாலு கதவோ எண்டு கேளுங்கோ. நாலு கதவெண்டால் கதவு உங்களுக்குப் பொருந்தாது."

இரண்டு கதவு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. வேப்பமரத்துக்குக் கீழே, கண்ணாடியெல்லாம் ஏற்றி, சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார். மேலே பார்த்தால் எங்கள் வண்டியைவிட ஆயிரம் மடங்கு நல்லம். மட்காட், பொனற், கதவு எல்லாம் திறம். அண்ணை குனிந்து முன் சீற்றுக்குக் கீழே, முன் சில்லுகளுக்கு ஸ்பிறிங்காக இருக்கிற ரோர்ஷன் பார் வந்து பிடிக்கிற குறுக்குச் சட்டத்தில் ஸ்குறூட்றைவரை வைத்தார். அமத்தவே இல்லை, போய்விட்டது. இரண்டு பக்கமும்.

ஆசிரியருக்கும் அது தெரியும். வேறு கராச்சிலும் சொல்லியிருக்கிறார்கள்.

"கழட்டப் போறியளோ?"

"ஓம் சேர்."

கொஞ்ச நேரம் எங்கள் பிக்கப்பைப் பற்றி விசாரித்தார். எந்த ஆண்டு, என்ன ஏற்றினது, ஆர் ஓட்டினது. பிறகு விலை சொன்னார், பேரம் பேசுகிற விலை இல்லை. ஒரு நிபந்தனை: "புத்தகம் தரமாட்டன். அதை நானே திணைக்களத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்துப் பதிவை வெட்டுவன். என்ர காரின்ர பேரில வேறொண்டு ஓடக்கூடாது."

எனக்கு அந்தச் சேட்டுக்காரர் ஞாபகம் வந்தார். சேரிடம் சொல்லவில்லை.

யூன் 22, ஞாயிறு

தம்பியோடு நீண்ட நேரம் கதை. நல்லூருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒக்ரோபர் மழைக்கு முதல் சேசியும் இஞ்சினும் முடிந்தால் பெரிய காரியம். நிறத்தில் இழுபறி. அவனுக்கு மினுங்கல் பச்சை. நாற்றுமேடைக்கு மண் ஏற்றுகிற வண்டிக்கு மினுங்கல் எதற்கு? பாதிச் செலவு அவன் தருகிறான், பாதி வண்டியாவது மினுங்க வேண்டும் என்கிறான்.

யூன் 28, சனி

சேரின் காரை லொறியில் ஏற்றி வந்து, காலையிலிருந்து கழட்டுகிறோம். மட்காட் போல்ட்டுகள் அறுபது வருசத்துக்குப் பிறகும் கையால் கழன்று வந்தன. ஒவ்வொன்றுக்கும் கிறீஸ் பூசி வைத்திருக்கிறார் மனிசன். கதவைப் பிக்கப்பில் வைத்துப் பார்த்தோம். இடது சரியாக இருந்தது. வலது கீழே இறங்குகிறது, பிணைச்சலுக்கு வாசர் வைக்க வேண்டும்.

அந்த இஞ்சினையும் திறந்தோம். சிலிண்டர் இன்னும் 020தான், புளொக் எங்களுடையதைவிட எவ்வளவோ நல்லது. "புளொக்கை அப்படியே போட்டு, உங்கட இலக்கத் தகட்டைக் கழட்டி இதில அடிச்சுவிட்டால் ஆர் பாக்கிறது?" என்று அண்ணை என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரே சிரித்தார். எங்கள் புளொக்குக்குத்தான் சிலீவ். கிறாங் மட்டும் அதிலிருந்து எடுக்கிறோம், கிறைண்ட் பண்ணாத கிறாங்.

பின் சீற், பின் கண்ணாடி, டிக்கி மூடி எங்களுக்குத் தேவையில்லை. கோண்டாவிலில் மைனர் ஓட்டுகிற பெடியன் ஒருவன் வந்து, நான் விலை சொல்ல முதலே சீற்றைத் தோளில் தூக்கிவிட்டான். கண்ணாடிக்குச் செவ்வாய்க்கிழமை வருகிறானாம். மிச்ச உடம்பைப் பழைய இரும்புக்காரர் நாளைக்கு எடுக்கிறார். அந்தக் காசு ட்றனியன் வாங்கக் காணும்.