அலாரம் வராத நான்கு விநாடி

"சார், அலாரம் எதுவும் இல்லை. ஆனா எஸ்இஎஸ் ஏறிட்டே இருக்கு, பார்த்தீங்களா?" என்று அவர் கேட்டார். "அலாரம் இல்லேன்னா லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம். விடும்மா" என்றேன் நான்.

இவ்வளவுதான் பேச்சு. எஸ்இஎஸ் என்பது லைனில் பிழைகள் மிக அதிகமாக வந்த விநாடிகளின் கணக்கு. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் ராத்திரி ஷிப்டில் தொலைத்தொடர்பு லைன்களைக் கண்காணிக்கும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் இதுதான் மனதில் ஓடுகிறது. கோபமாகச் சொல்லவில்லை, மட்டம் தட்டவும் இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, தேவையில்லாமல் பயப்படுகிறாரே என்று ஆதரவாகத்தான் சொன்னேன்.

நான் சொன்னது சரியில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். சிக்னல் போனதைக் கருவி உடனே கண்டுபிடித்துவிடும். இ1 லைனில் (விநாடிக்கு 2 மெகாபிட் போகும் லைன்) 10 முதல் 255 பல்ஸ் வரவேண்டிய இடம் தொடர்ந்து வெறுமையாகப் போனாலே எல்ஓஎஸ், அதாவது சிக்னல் இழப்பு; கணக்குப் போட்டால் அது அதிகபட்சம் 125 மைக்ரோவிநாடிதான் வரும். ஆனால் கருவி கண்டுபிடிப்பது வேறு, நம் திரையில் சிவப்பு வருவது வேறு. அந்தக் குறை வழக்கமாக இரண்டரை விநாடி விடாமல் நின்றால்தான் அலாரமாக ஏறும், சிக்னல் திரும்பி பத்து விநாடி நிலைத்தால்தான் இறங்கும். அதற்குள் வந்து போகிற எதுவும் மனிதன் கண்ணுக்குப் படாது, கவுண்டரில் மட்டும் ஒரு விநாடிக்கு ஒரு எஸ்இஎஸ் என்று பதிவாகும்.

எங்கள் நெட்வொர்க்கில் அது இரண்டரை விநாடியாக இல்லை, பத்து விநாடியாக இருந்தது. மாற்றச் சொன்னது நான்.

அதற்குக் காரணம் இருந்தது, இப்போதும் அது தப்பான காரணம் என்று என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. எஸ்டிஎம்-1 என்ற பெரிய ஃபைபர் லைன் ஒன்றில் எல்ஓஎஸ் வந்தால் அதில் போகிற 63 இ1-க்கும் பின்னால் ஏஐஎஸ் (முன்னாலேயே குறை இருக்கிறது என்ற அறிவிப்பு) போகும், எதிர்முனையிலிருந்து ஆர்டிஐ (எனக்குச் சிக்னல் சரியாக வரவில்லை என்ற பதில்) திரும்பி வரும். ஒரு லைன் இரண்டு தடவை துடித்தால் திரை நிறைந்துவிடும், உண்மையிலேயே அறுந்த ஃபைபர் அந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கும். அப்படி ஒன்று அரைமணி நேரம் கண்ணில் படாமலே போனதும் உண்டு. அதனால்தான் தாமதத்தைக் கூட்டலாம் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். திரை அமைதியானது.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். அவர் திறந்து வைத்திருந்தது பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக எண்ணும் கவுண்டர். அலாரம் இல்லாத லைனில் யாரும் திறக்காத பக்கம் அது. நான் எதையுமே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, ரிசீவ் பவரை, அதாவது வந்து சேரும் ஒளியின் அளவை, எட்டிப் பார்த்தேன். மைனஸ் 27 டிபிஎம். அந்தக் கார்டு மைனஸ் 34 வரைக்கும் தாங்கும், ஏழு டிபி மிச்சம் இருக்கிறது, நல்ல லைன். ஆனால் நான் பார்த்த நொடியில் இருந்த பவர் அது. விட்டு விட்டு வருகிற குறையை அந்த எண் எப்படிக் காட்டும்?

அவர் இன்னொன்றும் சொன்னார். "மூணு கட்டத்துக்கு ஒரு தடவை, நாலு நாலா வருது சார்." இதை அவர் நான் 'விடும்மா' என்று சொல்வதற்கு முன்னால் சொன்னாரா, பின்னால் சொன்னாரா என்பதுதான் எனக்கு நினைவில்லை. முன்னால் என்றால் காதில் சரியாக வாங்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். பின்னால் என்றால் அவர் மறுபடியும் ஒரு தடவை முயன்றிருக்கிறார், நான் பதிலே சொல்லவில்லை. எது உண்மையாக இருந்தால் தேவலை என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

விடியற்காலை 4.40-க்கு எல்ஓஎஸ் வந்தது, போகவில்லை. மாற்றுப் பாதை இல்லாத கிளை லைன் அது. போய்ப் பார்த்த டெக்னீஷியன் சொன்னபோது எல்லாம் புரிந்தது. ரேக் கதவு ஒரு பேட்ச்கார்டை (கருவியை இணைக்கும் சிறு ஃபைபர் கேபிள்) நெருக்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்த ஏசியின் கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் அது அதிர்ந்திருக்கிறது. முக்கால் மணிக்கு ஒரு தடவை, மூன்று நான்கு விநாடி. கடைசியில் மடிந்த இடத்திலேயே ஃபைபர் ஒடிந்துவிட்டது. பழைய இரண்டரை விநாடி இருந்திருந்தால் அத்தனை தடவையும் அலாரம் வந்திருக்கும். தொடர்ந்து பத்து எஸ்இஎஸ் வந்தால்தான் லைனை அன்அவெய்லபிள் (பயன்பாட்டில் இல்லை) என்று கணக்கில் எடுப்பார்கள், நான்கு நான்காக வந்ததால் அந்தக் கணக்கிலும் சிக்கவில்லை.

அவர் கேட்ட இரண்டு மணிக்கே டெக்னீஷியனுக்குச் சொல்லியிருந்தால் மட்டும் என்ன, அந்த நேரத்தில் யார் போயிருப்பார்கள், போய்க் கதவைத் திறந்தபோதே ஒடிந்திருந்தால்? இப்படியும் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒடிந்திருக்கலாம். ஆனால் கையில் வேறு பேட்ச்கார்டோடு ஒருவர் அங்கே நின்றிருப்பார், லைன் மூன்று மணி நேரம் செத்துக் கிடந்திருக்காது.

இதைவிடப் பெரிய உறுத்தல், அப்புறம் நான் எழுதிய ரிப்போர்ட். "4.40-க்கு முன் அலாரம் எதுவும் பதிவாகவில்லை" என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. கவுண்டரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, அவர் பார்த்துச் சொன்னதையும் எழுதவில்லை. அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் காட்டினேன். படித்தார், "சரி சார்" என்றார். அதற்கப்புறம் அந்த ஷிப்டில் அவர் எந்தக் கவுண்டரைப் பற்றியும் என்னிடம் வந்து கேட்டதில்லை. இப்போது வேறு பிரிவில் இருக்கிறார்.

தாமதத்தைத் திரும்பக் குறைத்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. இன்னும் பத்து விநாடிதான். குறைத்தால் பழைய குவியல் திரும்ப வரும், அதில் வேறு ஏதாவது புதைந்து போகும். அதற்குப் பதிலாக மணிக்கு ஒரு தடவை கவுண்டர் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை, நான் இல்லாத ஷிப்டில் யார் திறக்கிறார்கள் என்றும் தெரியவில்லை.

போன வாரம் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு லைனில் இரண்டு எஸ்இஎஸ். டெக்னீஷியனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அனுப்பினேன். எல்லாக் கனெக்டரையும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லை சார், இதுக்கா எழுப்பினீங்க?" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த கட்டம் நிரம்பும் வரை அந்தப் பக்கத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.