குழந்தைகள் நலக் குழு உறுப்பினர் தேர்வு: ஒரு களப்பணியாளரின் அனுபவம்

எங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வந்தபோது, போடச் சொல்லி நச்சரித்தவர்கள் என்னோடு களத்தில் அலைந்த தோழிகள்தான். "வீடு வீடா ஏறி இறங்கினவங்க ஒருத்தராவது அங்க உட்காரணும்க்கா" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது நியாயம். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. மீட்கப்பட்ட குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதா, குழந்தைகள் இல்லத்தில் வைப்பதா என்று அங்கேதான் முடிவாகிறது.

அறிவிப்பைப் படித்தால் எளிதாகத்தான் தெரியும். வயது 35க்குக் குறையக் கூடாது, 65ஐத் தாண்டக் கூடாது. சமூகப் பணி, உளவியல், சட்டம் போன்ற ஒன்றில் பட்டம் வேண்டும். குழந்தைகளுக்கான கல்வி, உடல்நலம், நலப்பணி இவற்றில் 7 ஆண்டு அனுபவம் வேண்டும். இது அரசு வேலை இல்லை. மதிப்பூதியம்தான், பதவிக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு.

இதில் ஆளைத் திணறடிப்பது அந்த 7 ஆண்டுதான். வேலை பார்த்திருப்போம், காகிதம் இருக்காது. நான் முதலில் இருந்த தொண்டு நிறுவனத்தில் நிதி நின்றதும் திட்டத்தை மூடிவிட்டார்கள், அலுவலகமே இல்லை. அடுத்த நிறுவனம் கொடுத்த சான்றிதழில் "கள அலுவலராகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்" என்று இரண்டே வரி. குழந்தை என்ற சொல்லே அதில் இல்லை! சரி, நாம் கையாண்ட வழக்குகளின் கோப்புகளைக் காட்டலாமா என்றால், அதுவும் கூடாது. குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லாவிட்டாலும் நான் காட்டியிருக்க மாட்டேன்.

கைகொடுத்தது பி.எஃப். கணக்கு. எந்த நிறுவனத்தில் எந்த மாதம் சேர்ந்தேன், எப்போது விலகினேன் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. மூடிப்போன திட்டத்தின் பழைய ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் பிடித்து, நான் செய்த பணிகளைக் குறிப்பிட்டுக் கடிதம் வாங்கினேன். இரண்டாவது நிறுவனத்திடம் சான்றிதழை மாற்றி எழுதித் தரச் சொன்னேன். பள்ளி இடைநின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்தது, செங்கல் சூளையிலிருந்து மீட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணித்தது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு வந்த அழைப்புகளுக்கு நேரில் போனது என்று வேலை வேலையாக, ஆண்டோடு எழுதி வாங்கினேன். பெயர் எதுவும் இல்லை, வேலை மட்டும்தான். களத்தில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும், வேலையை விட்டு விலகும் அன்றே இப்படி ஒரு சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

இன்னொன்றும் இருந்தது. சிறிய குழந்தைகள் இல்லம் ஒன்றை நடத்தும் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் நான் இருந்தேன். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்டவர் குழந்தைகள் நலக் குழுவில் இருக்க முடியாது. விலகிவிட்டு, அதை ஏற்ற தீர்மான நகலையும் விண்ணப்பத்தோடு இணைத்தேன். விலகியதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பும் கையும் இல்லத்தை நடத்தும் கையும் ஒன்றாக இருக்கவே கூடாது.

ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான தேர்வுக் குழு நேர்காணல் நடத்தியது. பிரிவு எண்களை ஒப்பிக்கச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். அவர்கள் கேட்டதே வேறு. "பத்து வயதுப் பெண் குழந்தை வீட்டைவிட்டு வந்திருக்கிறாள். தாய் வந்து அழுகிறார், இப்போதே கூட்டிப் போகிறேன் என்கிறார். குழந்தை வாயே திறக்கவில்லை. என்ன செய்வீர்கள்?"

தாயை வெளியே உட்காரவைத்துவிட்டு, குழந்தையிடம் பெண் ஆலோசகரைப் பேசவிடுவேன் என்றேன். அவள் பேசுகிற வரைக்கும் அனுப்ப மாட்டேன். சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள் இருக்கிறது. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எதற்குப் பயந்து வந்தாள் என்று அதற்குள் தெரிய வேண்டும். பாட்டி, சித்தி என்று நம்பகமான உறவு இருந்தால் அதையும் பார்ப்பேன். இல்லம் கடைசி வழிதான். "கடைசி வழி என்கிறீர்கள், ஆனால் அனுப்ப மாட்டேன் என்றும் சொல்கிறீர்களே" என்று ஒருவர் மடக்கினார். பாதுகாப்பு தெரியாத வீட்டைவிட, தெரிந்த இல்லத்தில் சில நாள் இருப்பது மேல் என்றேன். அப்புறம், குழு கூடாத இரவு நேரத்தில் குழந்தையை அழைத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தியாக வேண்டும், தனி உறுப்பினர் முன்பாகவும் கொண்டுவரலாம், ஆனால் இறுதி உத்தரவுக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்றேன்.

அதன்பின் நீண்ட காத்திருப்பு, ஒருவழியாக அரசாணை, தொடக்கப் பயிற்சி.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் நேரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். மாதம் குறைந்தது 20 நாள் அமர்வு. முழுநேர வேலையோடு இதைச் செய்ய முடியாது. நான் வேலையை விட்டேன். வீட்டில் பேசி, மதிப்பூதியத்தில் சமாளிக்க முடியுமா என்று கணக்குப் போட்ட பிறகு விண்ணப்பம் போடுங்கள். அடுத்த அறிவிப்பு எப்போது என்பதை உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள்.