ஆர்னிஸ்டன் கப்பலும் ஆறு நிமிடக் கணக்கும்

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய ஆர்னிஸ்டன், 1794-இல் லண்டனை ஒட்டிய டெப்ட்ஃபோர்டில் கட்டப்பட்டது. கீழ்த்திசைக்கு எட்டு முறை போய்ப் பத்திரமாகத் திரும்பிய கப்பல். 1815 ஏப்ரல் தொடக்கத்தில், படையினரை ஏற்றிச்செல்லும் வாடகைக் கப்பலாக, இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. காயம்பட்ட சிப்பாய்கள், கப்பலாட்கள், பெண்கள், குழந்தைகள் என மொத்தம் 378 பேர். உயிரோடு கரையேறியவர்கள் 6 பேர்.

கடலிலும் பிசகாமல் நேரம் காட்டும் கடிகாரமான குரோனோமீட்டர் கப்பலில் இல்லை. அதன் விலை கேப்டன் ஜார்ஜ் சிம்ப்சனின் கைக்கு எட்டவில்லை. உரிமையாளர்களும் வாங்கித் தரவில்லை. இத்தனை உயிர் போனதற்குப் புயலைவிட இந்தக் குறைதான் பெரிய காரணம் என்பேன்.

அட்சரேகையை நண்பகல் சூரியனின் உயரத்தை வைத்துக் கணித்துவிடலாம். தீர்க்கரேகைக்கு நேரம் வேண்டும்: இங்கிலாந்து நேரத்துக்கும் கப்பல் இருக்கும் இடத்து நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். பூமி 4 நிமிடத்துக்கு 1 டிகிரி சுழல்கிறது. ஆப்பிரிக்காவின் தென்முனைப் பக்கம் அந்த 1 டிகிரி ஏறக்குறைய 49 கடல் மைல். சரியான கடிகாரம் இல்லாவிட்டால், நிலவுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இடையிலான கோணத்தை அளந்து கணக்குப் போடலாம். ஆனால் வானம் தெளிவாக இருக்க வேண்டும். அளவையில் ஒரு கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) பிசகினாலும் இடம் 25 மைல் தள்ளிப்போகும்.

அதுவும் முடியாவிட்டால் மிஞ்சுவது வேகக் கணக்கு. முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் பலகையைக் கட்டிப் பின்னால் எறிவார்கள். 28 விநாடி மணல்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு கைவிட்டுப் போகிறதோ, அதுவே வேகம். தண்ணீரின் மேல் கப்பல் எவ்வளவு ஓடியது என்பதை மட்டும்தான் இது சொல்லும். அந்தத் தண்ணீரே எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது இதில் தெரியாது.

கூட வந்த கப்பல்களிடம் குரோனோமீட்டர் இருந்தது. கூட்டத்தோடு போகும்வரை கவலையில்லை. மே 26 அன்று புயலில் ஆர்னிஸ்டன் பிரிந்துபோனது. 29-ஆம் தேதி வடக்கே நிலம் தெரிந்தது. கேப் டவுன் பக்கத்து முனை என்று முடிவுகட்டினார்கள். உண்மையில் அது ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுல்லாஸ் முனை. முன்னது கிழக்கே பதினெட்டரை டிகிரியில் இருக்கிறது, பின்னது 20-இல். ஒன்றரை டிகிரி; கடிகாரத்தில் 6 நிமிடம். நிலமே கண்ணில் படாமல் இருந்திருந்தால்கூடச் சந்தேகம் மிஞ்சியிருக்கும். பிழையான கணக்குக்கு அந்தக் காட்சி சாட்சி சொல்லிவிட்டது.

கொஞ்ச தூரம் மேற்கே ஓட்டினார்கள். எதிர்க்காற்றில் நினைத்த தூரம் நகரவில்லை. 30-ஆம் தேதி அதிகாலை நாலரை மணிக்கு, முனையைத் தாண்டிவிட்டோம் என்று நம்பி, செயின்ட் ஹெலினா தீவை நோக்கி வடக்கே திருப்பினார்கள். எதிரே இருந்தது கரை. சதுரப்பாய்க் கப்பல் காற்று வரும் திசைக்கு 65, 70 டிகிரிக்கு உள்ளே நெருங்கி ஓடாது. பக்கவாட்டில் வேறு நழுவும். அலை உடையும் விரிகுடாவுக்குள் காற்று தள்ளும்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளியே வர வழியில்லை. மூன்று நங்கூரம் போட்டார்கள். இரண்டின் வடம் அறுந்தது. மூன்றாவதையும் வெட்டிவிட்டுக் கப்பலைக் கரையில் ஏற்றினால் சிலராவது பிழைக்கலாம் என்றார் லெப்டினன்ட் பிரைஸ். அந்த நிலைமையில் அது சரியான யோசனைதான். வெட்டினார்கள். சில நிமிடங்களில் கப்பல் தரைதட்டியது. ஆனால் கரைக்கு வெகு தூரத்திலேயே தட்டி, அங்கேயே உடைந்தது.

பிழைத்த ஆறு பேரும் கேப் டவுன் பக்கம்தான் என்று எண்ணி மேற்கே நடந்து, பிசகு புரிந்து, உடைந்த இடத்துக்கே திரும்பினார்கள். ஜூன் 14 அன்று ஒரு பண்ணையாரின் மகன் அவர்களைக் கண்டான். அகுல்லாஸ் முனைக்குக் கலங்கரை விளக்கம் வந்தது 1849-இல். கப்பல் உடைந்த இடத்தருகே உள்ள வான்ஹாய்ஸ்க்ரான்ஸ் என்னும் மீனவ ஊருக்கு இன்று ஆர்னிஸ்டன் என்றும் பெயர்.