எண்ணெய் மலிவுதான், புகைக்கு யார் காசு கொடுத்தது?

சிங்கப்பூரில் செம்பனை எண்ணெய் (பாமாயில்) வாயில் படாமல் ஒரு நாளைக் கடத்துவது கஷ்டம். கோப்பிக் கடையில் கறிபாப், அலுவலகத்தில் பொட்டலக் கோப்பியில் கலந்திருக்கும் வெள்ளைத் தூள், சாயங்காலம் பிள்ளைகளுக்கு பிஸ்கட், ராத்திரி சமைக்க அலுப்பாக இருந்தால் உடனடி மீ (நூடுல்ஸ்). அந்த மீ கட்டியை அனேகமாகக் காய வைப்பதில்லை, எண்ணெயில் பொரித்துத்தான் ஈரத்தை எடுக்கிறார்கள். கட்டியின் எடையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு எண்ணெய், அது பெரும்பாலும் செம்பனை. தீபாவளிக்கு முன்னால் தேக்கா கடைகளில் அடுக்கி வைக்கும் பெரிய போத்தல்களிலும் மலிவானதாகப் பார்த்து எடுத்தால் அனேகமாக இதுதான்.

மலிவுக்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஒரு ஹெக்டேரில் செம்பனை 3, 4 டன் எண்ணெய் தரும், சோயா அரை டன்னைத் தொட்டாலே பெரிய விஷயம். இயல்பிலேயே பாதி உறைந்த எண்ணெய் என்பதால் பிஸ்கட்டுக்கும் மார்ஜரினுக்கும் ஹைட்ரஜன் ஏற்றி இறுக்க வேண்டியதில்லை. 2021 ஜூனில் சிங்கப்பூர் அப்படிப் பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களை, டிரான்ஸ் கொழுப்பு காரணமாக, உணவில் தடை செய்தது. நல்ல தடைதான். ஆனால் காலியான அந்த இடத்தில் வந்து உட்காரச் செம்பனையைவிடத் தோதான எண்ணெய் எது? அதில் பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பது தனிக் கதை, மருத்துவர் சொல்லிக்கொள்ளட்டும்.

எனக்கு உறுத்துவது மற்ற காரணங்கள்.

என் பெரியம்மா மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். முதலில் பால்மரம் வெட்டினார், அதாவது மரப்பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுத்தார், ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த பிறகு அவருக்குக் கிடைத்தது களைக்கொல்லி மருந்து அடிக்கிற வேலை. விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, பெயர் கூப்பிட்டதும் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மரத்தடிப் புல்லுக்கெல்லாம் அடித்துக்கொண்டே போக வேண்டும். குலை வெட்டுவது ஆண்கள், மருந்தும் உதிரிப் பழம் பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள், அதிலும் நம் பெண்கள். பம்பு ஒழுகும், முதுகு நனையும், முகத்துக்கு ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. அவர் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துத் தடித்து ஓரம் கழன்று இருக்கும். "மருதாணி வச்சா நகத்துல மட்டும் திட்டுத் திட்டாப் பிடிக்கும்" என்று சிரிப்பார். சின்ன வயதில் அது வயசான நகம் என்றுதான் நினைத்தேன். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லி நகத்தை அப்படித்தான் ஆக்கும், மூக்கில் ரத்தமும் வரவழைக்கும் என்பதையெல்லாம் படித்தது ரொம்பப் பிறகு. அந்த மருந்து வயிற்றுக்குள் போனால் முறிக்க மாற்று மருந்தே கிடையாது.

சுவிட்சர்லாந்து அதை 1989-இலேயே தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் போனது. மலேசியா 2002-இல் தடையை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1-இல்தான் முழுதாக மூடியது. இடையில் 18 ஆண்டுகள். மாற்றுக் களைக்கொல்லிக்குச் செலவு கூடும் என்பது தோட்டத் தரப்பு சொல்லிவந்த வாதங்களில் ஒன்று. செலவு கூடும் என்பது பொய்யில்லை. அந்தச் செலவை அதுவரை யார் நகத்தில் எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் பேச்சு.

அடுத்தது நாம் எல்லோரும் கட்டிய பாக்கி, புகைமூட்டம். இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் களிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் வேரும் மட்காமல் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் நிலம். தோட்டம் போட அதில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிடுவார்கள். காய்ந்தால் அந்த மண்ணே விறகு. மேலே அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். எல் நினோ வந்து மழை பொய்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எல்லாத் தீயையும் செம்பனை தலையில் கட்ட முடியாது, காகிதக்கூழ் மரத்தோட்டமும் சின்ன விவசாயிகளும் உண்டு, ஆனால் செம்பனைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

2013 ஜூன் 21 மதியம் இங்கே காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 401. ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் கருகல் வாடை, கடைகளில் முகக்கவசம் தீர்ந்துவிட்டது. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூடினார்கள். அந்த வருஷம்தான் என் மகனுக்கு இழுப்பு வந்து ஊதுமருந்து, மருந்தகம், காற்று வடிகட்டும் பெட்டி என்று செலவு ஆரம்பித்தது. எண்ணெய் வாங்கிய ரசீதில் அது எதுவும் இல்லை. 2015 தீயால் இந்தோனேசியாவுக்கு மட்டும் ஏற்பட்ட இழப்பை 1,610 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆச்சேயைத் திரும்பக் கட்டிய செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

உடனே "செம்பனையைப் புறக்கணிப்போம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சரி, அப்புறம்? அதே அளவு எண்ணெயைச் சோயாவில் எடுக்கப் பல மடங்கு நிலம் வேண்டும், பிரேசிலில் இன்னொரு காடு போகும். வடைக் கடை அக்காவிடம் போய் எண்ணெயை மாற்றுங்கள் என்பதிலும் அர்த்தமில்லை. வடைக்குப் பத்து காசு ஏற்றினால் பக்கத்துக் கடைக்குப் போகிறவர்கள்தானே நாம்.

கேட்க வேண்டிய இடம் தூரத்தில் இல்லை. உலகின் மிகப் பெரிய செம்பனை நிறுவனங்களில் சிலவற்றின் தலைமையகம் இந்த ஊரிலேயே இருக்கிறது. புகைமூட்டத்தில் நாம் பாதிக்கப்பட்டவர்கள் என்று மட்டும் பேசும்போது இது வசதியாக மறந்துவிடும். 2014-இல் எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், உச்சவரம்பு 20 லட்சம். இந்த அளவு வியாபாரத்துக்கு அது டீ செலவு என்பது என் அபிப்பிராயம்.

பெரிய நிறுவனங்கள் எந்தெந்த ஆலைகளிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்ற பட்டியலை இப்போது இணையத்தில் போடுகிறார்கள். போய்ப் பாருங்கள், நல்ல விஷயம்தான். ஆனால் பறித்த பழத்தை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெய் கெட ஆரம்பித்துவிடும் என்பதால், இடைத்தரகர்கள் சுற்றுவட்டாரத்துப் பழத்தையெல்லாம் ஒரே லாரியில் கொட்டி அனுப்புவது சகஜம். அதனால் பல பட்டியல்கள் ஆலை வாசலோடு நின்றுவிடுகின்றன. எந்த நிலத்துப் பழம், யார் மருந்து அடித்தது என்பது அதற்கு அந்தப் பக்கம்.